ஒரு மாதிரி

மகளின் சாக்ஸ் வெள்ளையாகத் திரும்பி வந்த நாளில்தான் எனக்குச் சந்தேகம் தொடங்கியது.

அவள் படிக்கும் பள்ளியின் வாலிபால் மைதானம் முழுவதும் செம்மண். இரண்டு வருடங்களாக அவளுடைய சாக்ஸை ஊறவைக்கிற வாளித் தண்ணீர் செங்கல்லைக் கரைத்த நிறத்தில்தான் இருக்கும். அந்த வாரம் திங்கட்கிழமை தண்ணீர் தெளிவாக இருந்தது. செவ்வாய்க்கிழமையும் தெளிவு. புதனன்று வாளியைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேன். மூன்று நாளும் காலை ஆறு மணிக்குப் பிராக்டிஸ் என்று சொல்லிச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். மைதானத்துக்குப் போகவில்லை என்றால் எங்கே போனாள்?

பதினொன்றாம் வகுப்பு. மாவட்ட அணியில் அட்டாக்கர். வலைக்கு மேலே எழும்பி அவள் பந்தை அடிக்கும்போது எனக்கு வயிற்றுக்குள் ஏதோ கூடவே எழும்பும். அவள் அப்பாவுக்குத் தூத்துக்குடியில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். மற்ற நாட்களில் பாளையங்கோட்டை வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். ஆகவே, அவளிடம் ஏதாவது மாறினால் அதைக் கண்டுபிடிக்க வேண்டியவள் நான்தான் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு.

என் வேலையும் அப்படிப்பட்டது. இருபது வருடமாக ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். "வீட்ல தினமும் செஞ்சேன்" என்று ஒருவர் சொன்னால், அவர் உண்மையில் செய்தாரா என்பது அவர் நாற்காலியிலிருந்து எழும்போதே எனக்குத் தெரிந்துவிடும். முட்டு, தோள், கழுத்து, பக்கவாதம். மனிதர்கள் வாயால் சொல்வதை நம்பாமல் மூட்டு சொல்வதை நம்பிப் பழகியவள். அப்படித்தான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருட ஆரம்பத்தில் ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு புது வேலை சேர்ந்திருந்தது. எங்கள் மகப்பேறு மருத்துவர், நாங்கள் பெரிய டாக்டரம்மா என்று சொல்பவர், ஒருநாள் கூப்பிட்டு மதுரையில் ஒரு பயிற்சி நடக்கிறது, போய்வா என்றார். இடுப்புக்கு அடியில் தொட்டில்போலக் கிடந்து, மூத்திரப்பையையும் கர்ப்பப்பையையும் தாங்குகிற தசைகளுக்கான சிகிச்சை. பிரசவத்துக்குப் பின்னும் வயதான பிறகும் அந்தத் தசைகள் தளர்ந்தால் இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசியும். அதைப் பயிற்சியால் சரிசெய்யலாம் என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. புதிதாக ஒரு பேர் வைத்து, புதிதாக ஒரு அறை திறக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. மதுரைக்குப் போனேன், படித்தேன், பரீட்சை எழுதினேன். நம்பாமலேயே தேறினேன்.

நடைபாதையின் கடைசியில் பழைய எக்ஸ்ரே படங்களை அடுக்கி வைத்திருந்த அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். ஒரு கட்டில், ஒரு பச்சைத் திரை, ஒரு ஸ்டூல். வாசலில் "பெண்கள் இடுப்பு நலப் பிரிவு" என்று பலகை. முதல் வாரம் வந்தவர்களில் பாதிப் பேர் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பில் அடிபட்டவர்கள். பேட்டையிலிருந்து லேத் பட்டறைக்காரர் ஒருவர், கையை முதுகில் கொடுத்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணாச்சி, இது பொம்பளையளுக்கு."

"பலகைல இடுப்புன்னுதானம்மா போட்டிருக்கு? எனக்கும் இடுப்புதான் பிடிச்சிருக்கு."

"பெண்கள்னும் போட்டிருக்குல்லா?"

"ஆம்பளைக்கு இடுப்பு இல்லையா? நல்ல ஆஸ்பத்திரிம்மா இது," என்று எழுந்து போனார்.

இதை அன்று மாலை தங்கைக்குப் போன் செய்து சொல்லி, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். அன்று அவளிடம் வேறு என்னென்ன சொன்னேன் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிய வந்தது.

உண்மையில் அந்தத் தொந்தரவுக்காக அந்த அறைக்கு யாரும் வரவில்லை. பெரிய டாக்டரம்மா அனுப்புகிறவர்கள்கூட வாசல்வரை வந்து பலகையைப் படித்துவிட்டு நேராக நடந்து போய்விடுவார்கள். நான் பழையபடி முட்டுக்கு மெழுகு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். கொற்கைப் பக்கத்திலிருந்து நடவு வேலை செய்யும் ஒரு அம்மா ஐந்து மாதமாக வந்துகொண்டிருந்தார். முட்டு வலி. நோட்டில் அப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு முறையும் ஒத்தடம் முடிந்து எழும்போது சேலை மடிப்பைப் பிடித்துக்கொண்டு, "ஒரு மாதிரியா இருக்கு டாக்டரம்மா," என்பார். நான் இன்னும் இரண்டு நிமிடம் ஒத்தடம் கொடுப்பேன். அந்த அறையை டிசம்பருக்குள் ஆஸ்பத்திரிக்கே திருப்பிக் கொடுத்துவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன்.

அந்த நேரத்தில்தான் சாக்ஸ்.

ஒன்றைப் பார்த்த பிறகு மற்றதெல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தது. சாக்ஸை எனக்கு விட்டுவிட்டு, டிராக் பேண்ட்டை மட்டும் அவளே துவைத்துக் கொடியின் உள்பக்கத்தில், துண்டுக்கு அடியில் போடுகிறாள். நீலப் பேண்ட்டை விட்டுவிட்டுக் கறுப்பு மட்டும் போடுகிறாள். தண்ணீர் பாட்டில் காலையில் போன அளவிலேயே மாலையில் திரும்பி வருகிறது. வியாழக்கிழமை அவள் குளிக்கப் போன நேரத்தில் பையைத் திறந்தேன். செய்யக்கூடாதுதான். அடியில், புத்தகங்களுக்குக் கீழே, கறுப்பு பாலிதீன் கவரில் மடித்த ஒரு பேண்ட், ஒரு உள்ளாடை, ஒரு செய்தித்தாள். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி மாற்றுத் துணியை எதற்கு ஒளித்து எடுத்துப் போகிறாள்? குளியலறைத் தண்ணீர்ச் சத்தம் நிற்பதற்குள் பையை மூடினேன்.

போனைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வாலிபால் வீடியோ, தோழிகளோடு பேச்சு, கணக்கு நோட்டின் படங்கள். ஒன்றும் இல்லாதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அழித்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

அன்று சாப்பிடும்போது கேட்டேன்.

"ஏட்டி, பிராக்டிஸ் எப்படிப் போவுது?"

"போவுது."

"சாக்ஸ்ல மண்ணே இல்லையே."

அவள் தோசையைப் பிய்த்த கை நின்றது. "கிரவுண்டுக்குப் போவல."

"ஏன்?"

"ஒரு மாதிரியா இருக்கும்மா."

"என்ன மாதிரி?"

"ஒரு மாதிரின்னா ஒரு மாதிரி. விடேன்."

"பி.டி. மாஸ்டர் எதும் சொன்னாவளா?"

"இல்ல." பிறகு தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "சார் முன்னால நிக்கவே முடியலம்மா."

இந்த ஒரு வாக்கியம்தான். இதை எத்தனை முறை என் தலைக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. நம்மூரில் "ஒரு மாதிரியா இருக்கு" என்றால் தலை சுற்றுகிறது, வயிறு சரியில்லை, மனது சரியில்லை, எதுவாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு ஆளைப் பார்த்து "அவன் ஒரு மாதிரி" என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பெண்களிடம் நடத்தை சரியில்லாதவன். அவள் சொன்னது முதலாவது. என் காதில் விழுந்தது இரண்டாவது.

அவள் அப்பாவிடம் போனில் சொன்னேன். "அவசரப்படாத. பைய கேளு," என்றார். மெதுவாகக் கேட்பதற்கு எனக்குப் பொறுமை இல்லை. தொலைக்காட்சியில் வாரத்துக்கு ஒரு ஆசிரியரைப் பற்றிய செய்தி வருகிறது; அதைப் பார்க்கிற எந்தத் தாய்க்குப் பொறுமை இருக்கும்?

வெள்ளிக்கிழமை காலை விடுப்புச் சொல்லிவிட்டுப் பள்ளி மைதானத்துச் சுற்றுச்சுவருக்கு வெளியே போய் நின்றேன். மகளைத் தேடினேன், அவள் இல்லை. பி.டி. மாஸ்டர் இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கடற்கரைக்காரர்; வானத்தை மானம் என்கிற அந்தப் பேச்சு சுவர் தாண்டிக் கேட்டது. "ஏ பிள்ள, மானத்தப் பாத்து நிக்காத, பந்தப் பாரு!" பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. ஒரு பெண்ணின் முழங்கையைப் பிடித்து உயர்த்தி, இந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று காட்டினார். இன்னொருத்தியின் தோளைத் திருப்பி நிறுத்தினார். பிராக்டிஸ் முடிந்ததும் துணிப்பையிலிருந்து ஆளுக்கு ஒரு கடலை உருண்டை கொடுத்தார். உடன்குடிக் கருப்பட்டியில் பிடித்ததாம்; ஒரு பெண் சத்தமாக, "சார், எனக்குப் பெருசு!" என்று கேட்டாள். இவர் எதற்குச் சொந்தக் கையால் பிள்ளைகளுக்குத் தின்னக் கொடுக்கிறார்?

ஒரு நாளைக்கு முப்பது பேருடைய முழங்கையையும் தோளையும் பிடித்துத் திருப்பி நிறுத்துகிறவள் நான். அது அந்தச் சுவருக்கு வெளியே நிற்கும்போது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போனேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவிட்டு, "உக்காருங்க," என்றார். நான் உட்காரவில்லை.

"எம் பொண்ணு ஒரு வாரமா கிரவுண்டுக்கு வரல. தெரியுமா?"

"காச்சல், ஒரு வாரம் பிராக்டிஸ் மட்டும் வேண்டாம்னு லெட்டர் குடுத்திருக்காளே. நீங்க கையெழுத்துப் போட்டது."

நான் போடவில்லை. இதுவும் ஒரு பொய்.

மாஸ்டரைக் கூப்பிட்டனுப்பினார்கள். காலில் செம்மண்ணோடு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். என்னைப் பார்த்து, "வாங்க, பிள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நான் பதில் சொன்னேன்.

"சார் ஒரு மாதிரின்னு எம் மக சொல்லுதா."

ஒரே ஒரு 'யா'வை விட்டுவிட்டேன். 'ஒரு மாதிரியா இருக்கு' என்றவள் வாயில் 'ஒரு மாதிரி' என்பதை நான் வைத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. அந்த நேரத்தில் அவள் அப்படித்தான் சொன்னாள் என்று சத்தியம்கூடச் செய்திருப்பேன்.

அவர் முகம் எப்படி மாறியது என்று என்னால் எழுத முடியவில்லை. மறுக்கவில்லை, கத்தவும் இல்லை. தலைமையாசிரியையிடம், "பிள்ளயக் கூப்பிட்டுக் கேளுங்க மேடம். நா இங்க நிக்கக் கூடாது," என்றார். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். அதையும் நான் சந்தேகமாகத்தான் பார்த்தேன். தப்பு செய்யாதவன் ஏன் வெளியே போக வேண்டும்?

மகள் வந்தாள். காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு வாரமாகச் சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து படித்திருக்கிறாள். தலைமையாசிரியை மெதுவாக, நல்லவிதமாகத்தான் கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் மகள் என் பக்கம் திரும்பினாள்.

"நா சாரப் பத்தி ஒன்னும் சொல்லலயே."

"நீதானட்டி சொன்ன, ஒரு மாதிரின்னு?"

"எம்மா!" என்றாள். அவ்வளவுதான். பையை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

சைக்கிள் ஷெட்டில்தான் பிடித்தேன். சுவரைப் பார்த்து நின்று அழுதுகொண்டிருந்தாள். தேம்பும்போது கால்களைச் சேர்த்துச் சேர்த்து வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்தேன். மதுரையில் இதைத்தான் எனக்குப் படம் போட்டுக் காட்டினார்கள். அப்போதும் எனக்குப் புரியவில்லை.

"சொல்லு. யாரு என்ன செஞ்சா?"

"யாரும் ஒன்னும் செய்யல."

"பின்ன?"

"குதிச்சா வந்துருதும்மா."

"என்ன வருது?"

"ஒன்னுக்கு."

மைதானத்தில் பந்து அடிபடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எத்தன நாளா?"

"போன வருசமே லேசா. இப்பதான் கூட. போன மாசம் மேட்ச்சில பேண்ட்டு நனஞ்சிட்டு. எல்லாரும் வேர்வைன்னு நெனச்சாவ. சாருக்குத் தெரிஞ்சிருக்குமோன்னு... அதான் அவிய முன்னால நிக்க முடியல."

"எங்கிட்ட ஏன் சொல்லல? நான் என்ன வேலட்டி பாக்கேன்? அந்த ரூம்ல இதுக்குத்தான நான் பாக்கேன்?"

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"நீதான சித்திட்ட போன்ல சொன்ன? 'மூத்திர டாக்டர் ஆயிட்டேன்'னு. 'ஒழுகுற பைப்ப அடைக்கச் சொல்லுதாவ'ன்னு. எப்படிச் சிரிச்ச? அடுத்த ரூம்ல நான் இருந்தேன்."

இருபது வருடம் மனிதர்களைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு வாக்கியம் ஒருவரை நிற்க முடியாமல் செய்யும் என்று நம்பியதில்லை.

அன்றே தலைமையாசிரியையிடம் திரும்பிப் போய், நான் சொன்னது தவறு, என் மகள் அப்படிச் சொல்லவில்லை, அவளுக்கு உடம்பில் ஒரு தொந்தரவு என்று சொன்னேன். அவர் நான் சொன்ன முதல் வாக்கியத்தை ஏற்கெனவே நோட்டில் எழுதியிருந்தார். "ஒரு தடவ சொல்லிட்டா, விசாரிக்காம விட முடியாதும்மா. விடவும் கூடாது," என்றார். அவர் சொன்னது சரி. அதை நான் எதிர்க்க முடியாது. நாளைக்கு உண்மையிலேயே ஒருத்தி வந்து சொன்னால் இதே போலத்தான் எழுத வேண்டும். எழுதித் தரச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன். மகளிடம் தனியாகக் கேட்டார்கள், மற்றப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். மூன்று வாரம் மாஸ்டர் மைதானத்துக்கு வரவில்லை. மேசையில் வைத்த விசில் அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

திரும்பி வந்த பிறகு அவர் யாருடைய முழங்கையையும் பிடித்துக் காட்டுவதில்லை என்று மகள் சொன்னாள். ஒரு மூங்கில் குச்சியை வைத்துத் தூரத்திலிருந்து காட்டுகிறாராம். கடலை உருண்டை கொண்டுவருவதில்லை. கேலி பேசுவதும் நின்றுவிட்டது. ஒருமுறை வாசலில் காத்திருந்து மன்னிப்புக் கேட்டேன். "சரிங்க மேடம்," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். அதற்கு முன்பெல்லாம் என்னை மேடம் என்று சொன்னதில்லை.

பெரிய டாக்டரம்மா மகளைப் பரிசோதித்தார். கிருமித் தொற்று இல்லை, வேறு கோளாறும் இல்லை. ஓடிக் குதிக்கிற பிள்ளைகளுக்கு இது வருவது உண்டு, அவர்கள் சொல்வதில்லை என்பதால் நமக்குத் தெரிவதில்லை என்றார். "உங்க ரூம்லயே பாருங்க," என்று சீட்டு எழுதினார். நான் மகளிடம், "மதுரைல என் கூடப் படிச்ச அக்கா இருக்காவ, அவியட்ட போவமா?" என்றேன்.

"ஏன், உனக்கு வேல தெரியாதா?"

சீட்டை எடுத்துக்கொண்டு, நடைபாதையின் கடைசி அறைக்கு அவளைக் கூட்டிப் போனேன்.

பச்சைத் திரைக்குப் பின்னால், ஸ்டூலில் அவள் உட்கார்ந்தாள். தொட்டுப் பார்க்க வேண்டியதே இல்லை. மூச்சை விட்டபடி, வயிற்றுக் காற்று பிரியாமல் அடக்குவதுபோல உள்ளே இழுத்துப் பிடி, விடு. பந்துக்கு எழும்புவதற்கு ஒரு நொடி முன்னால் பிடிக்கப் பழகு. தண்ணீரைக் குறைக்காதே, குறைத்தால் மூத்திரப்பை இன்னும் எரிச்சலாகும். எத்தனை முறை போகிறாய் என்று ஒரு வாரம் எழுது. மதுரையில் நான் நம்பாமல் மனப்பாடம் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக அவளிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல, இது உண்மையாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் தொழிலில் எதையும் நான் அப்படி வேண்டிக்கொண்டதில்லை.

"எம்மா, மூஞ்ச ஏன் அப்படி வச்சிருக்க?"

"எப்படி?"

"நீயும் சேந்து பிடிக்க மாதிரி."

ஆமாம், பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் சிரிப்பாணி தாங்காமல் வாயைப் பொத்தினாள். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்தி, பயந்து, கீழே பார்த்தாள். என் மகள் எத்தனை நாளாக இப்படிச் சிரிப்பை நடுவில் நிறுத்திக்கொண்டிருக்கிறாள் என்று அன்றுதான் கண்டேன்.

மறுநாள் கொற்கை அம்மாவின் நம்பரைத் தேடி எடுத்துப் போன் செய்தேன். முட்டு சரியாகிவிட்டது என்று நானே அவரை நிறுத்தியிருந்தேன். வந்தார். கதவைச் சாத்திவிட்டு, "ஒரு மாதிரியா இருக்குன்னு சொல்வீயளே, என்ன மாதிரி?" என்று கேட்டேன். அவர் முதலில் சாத்திய கதவைப் பார்த்தார், பிறகு என்னை. நான் எதற்குக் கேட்கிறேன் என்று சந்தேகம். பிறகு சொன்னார். குனிந்து நாற்று நடும்போது கீழே ஏதோ இறங்கி வந்து முட்டுகிறதாம். சாயங்காலம் ஆனால் கையால் உள்ளே தள்ளிவிட வேண்டுமாம். ஆறு வருடமாக.

"இத ஏம்மா மொதல்லயே சொல்லல?"

"தடவைக்குத் தடவ சொன்னேனே டாக்டரம்மா. நீங்க முட்டுக்குக் கூட ரெண்டு நிமிசம் ஒத்தடம் குடுத்தீய."

கர்ப்பப்பை இறக்கம். பெரிய டாக்டரம்மாவிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். இந்தப் பெண்களுக்கு முட்டு வலி என்பது வீட்டை விட்டு வெளியே வருவதற்கான வார்த்தை. மாமியார் முன்னாலும், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளிடமும் சொல்லலாம். என் வரைக்கும் வந்து சேர்ந்த பிறகுதான் 'ஒரு மாதிரி' என்று சொல்வார்கள். அதற்கு மேல் நான் கேட்க வேண்டும். இருபது வருடமாக நான் கேட்கவில்லை.

அறையை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. வாசல் பலகையைக் கழற்றச் சொல்லிவிட்டு வேறு ஒன்று எழுதிக் கொடுத்தேன்: "சிரிச்சா, தும்முனா, குதிச்சா ஒன்னுக்கு வந்துருதா? கீழ எதோ இறங்குத மாதிரி இருக்கா? உள்ள வாங்க." நிர்வாக அலுவலர் அதைப் படித்துவிட்டு, "மேடம், ஆம்பளைய நடமாடுத வழி," என்றார். மூன்று நாள் வாதாடினேன். கடைசியில் பலகை வாசலில் மாட்டப்படவில்லை. அதையே காகிதத்தில் எழுதி, அடியில் அறைக்கு வழியும் போட்டு, பெண்கள் கழிப்பறையில், கதவின் உள்பக்கம், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே தெரிகிற உயரத்தில் ஒட்டினேன்.

அதற்குப் பிறகு வர ஆரம்பித்தார்கள். வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்து, "கதவுல எழுதியிருக்குல்லா? அதான் எனக்கும்," என்பார்கள். இப்போது அந்த நோய்க்கே கதவு என்று பேராகிவிட்டது. "எங்க மைனிக்கும் கதவுதான், கூட்டிட்டு வரட்டா?" என்கிறார்கள். நோட்டில் முட்டு வலி என்று யாராவது எழுதினால், முட்டைப் பார்த்த பிறகு, கதவைச் சாத்திவிட்டு இன்னொரு முறை கேட்கிறேன். என்னுடைய சந்தேகப் புத்தி போகவில்லை. அதை இந்த ஒரு கேள்விக்குள் அடைத்து வைத்திருக்கிறேன். வெளியே விட்டால் அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

வீட்டில் முழுதாக அடைக்க முடியவில்லை. மகள் மறுபடி விளையாடப் போன முதல் வாரம், வாளியைக் குனிந்து பார்த்தேன். செங்கல் நிறம். நிமிர்ந்தால் அவள் பின்னால் நிற்கிறாள்.

"சோதன பண்ணுதியா?"

"ஊற வச்சேன்."

"இந்தா, இன்னொன்னு இருக்கு. மோந்தும் பாத்துக்க," என்று சாக்ஸை என் மேல் எறிந்தாள். சிரித்தாள். நடுவில் நிறுத்தாமல் சிரித்து முடித்தாள். கறுப்பு கவர் இன்னும் அவள் பையில் இருக்கிறதா என்று தெரியாது. பையைத் திறப்பதில்லை என்று சொல்லியிருக்கிறேன், திறக்கவும் இல்லை. திறக்காமல் இருப்பது எனக்கு ஒவ்வொரு நாளும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

மார்கழி தொடங்கிய ஒரு காலை, பள்ளிச் சீருடையில் ஒரு பெண் தன் அம்மாவோடு அந்த அறைக்கு வந்தாள். மகளின் அணியில் ஆடுகிறவள். நான் சுவருக்கு வெளியே நின்ற அன்று பெரிய உருண்டை கேட்டவள் இவள்தான். நாலாக மடித்த ஒரு காகிதத்தை, "சார் குடுத்தாவ," என்று நீட்டினாள். பிரித்தேன். "இடுப்பு நலப் பிரிவுக்கு. இந்தப் பிள்ளைக்கும் குதிக்க முடியவில்லை. பார்க்கவும்." என் பேர் இல்லை, மாஸ்டர் பேரும் இல்லை.

"சாருட்ட நீ எப்படிச் சொன்ன?" என்றேன்.

"நா சொல்லல. உங்க மவதான் டீம்ல எல்லாத்துட்டயும் சொல்லிட்டா, எங்கம்மா பாக்கான்னு. அப்புறம் சாருட்டயும் அவளே சொன்னா. யாருக்கும் இப்படி இருந்தா வெக்கப்படாம சொல்லுங்கன்னு சார் சொன்னாவ."

அவள் அம்மா குறுக்கிட்டார். "சாருதான் எங்கள கூட்டிட்டு வந்தாவ. அம்மா வராம பிள்ளய மட்டும் அனுப்ப மாட்டேன்னு சொல்லிட்டாவ. முன்னெல்லாம் அப்படி இல்ல. இப்பம் எதுக்கும் யாராவது கூட இருக்கணும்ங்காவ."

"அவிய எங்க?"

"வெளி கேட்டுப் பக்கத்துல நிக்காவ. உள்ள வாங்கன்னா வரல."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு, ஆஸ்பத்திரிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். போய்ப் பேசலாமா என்று நினைத்தேன். போனால் அவர் மறுபடி "சரிங்க மேடம்" என்று சொல்லத்தான் வேண்டியிருக்கும். அந்தக் காகிதத்தை அவர் என்னிடம் பேசுவதற்காக அனுப்பவில்லை.

ஜன்னலை விட்டு வந்து, கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, அந்தப் பெண்ணின் எதிரே உட்கார்ந்தேன்.

"சொல்லு பிள்ள. எப்படி இருக்கு?"

அவள் அம்மாவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "ஒரு மாதிரியா இருக்கு," என்றாள்.

"என்ன மாதிரி?" என்று கேட்டுவிட்டு, அவள் சொல்லும்வரை காத்திருந்தேன்.